தாணு சார் பாத்தாச்சு

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து மழை. குளியலறையில் புதிதாகப் பதித்த டைல்ஸ் அத்தனையும் கோணல். கொத்தனார் செல்லத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரியும் நடுவில் போய் நெளிகிறது. "நூல் பிடிச்சுதானே சார் வச்சேன்" என்றான். நூல் பிடித்த கை ஆடியிருக்கும் என்றேன். என் மனைவி பகவதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டைல்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மதியம் பன்னிரண்டு தபால்தலைகளை விற்பனைத் தளத்தில் ஏற்றினேன். நான் எழுதும் விவரம் எப்போதும் குறையில்தான் தொடங்கும். 'பின்புறம் பசை பாதி போயிருக்கிறது. வலது மேல் மூலையில் ஓரத்துப் பல் ஒன்று குட்டை. முத்திரை மை முகத்தில் விழுந்திருக்கிறது.' இவ்வளவுக்கும் பிறகுதான் நல்லது. மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் 'அருமை', 'மிக அருமை' என்று போடுகிறார்கள். காசு கொடுத்தவன் உறையைப் பிரிக்கும்போதுதான் கிழிசல் தெரிகிறது. கூட்டுறவு வங்கிக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற என்னை இன்று சென்னையிலும் திருச்சூரிலும் தெரிகிறது என்றால் அதற்கு இந்தக் குறை எழுதும் பழக்கம்தான் காரணம். எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு தலையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கடைசியில் யாராவது கேட்பார்கள், "தாணு சார் பாத்தாச்சா?" நான் பார்த்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

சாயங்காலம் வரை ஒன்றும் போகவில்லை. தக்கலை எமல்டா பாய் நேற்று ஏற்றிய திருவிதாங்கூர் வரிசை முழுவதும் போய்விட்டது. தனியார் பள்ளியில் டீச்சர் வேலை போனபின் இதில் இறங்கியவள். அவளும் குறையை முதலில் எழுதுகிறாள். எங்கே படித்தாளோ. நல்ல பெண்தான்.

ஜூன் 9, திங்கள்

சேலத்திலிருந்து ஒருவர் தலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கீழ் வரிசையில் ஒரு பல் இல்லையாம், நான் குறிப்பிடவில்லையாம். என்னிடம் வாங்கியது திரும்பி வந்தது இதுவே முதல் தடவை. பணத்தைக் கொடுத்துவிட்டேன், வாதாடவில்லை. தபாலில் போகும்போது ஒடிந்திருக்கும். இப்போது வாங்குகிறவர்களுக்குப் பொறுமையே கிடையாது.

மேஜை விளக்குக்கு இன்னும் கூடுதல் வெளிச்சமாக ஒரு பல்பு வாங்கிப் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

தபால்தலை பார்க்க ஆர்டர் போட்ட புது லென்ஸ் வந்தது. பழையதைவிட மோசம். பல் வரிசை கலங்கலாக அலையடிக்கிறது. இப்போதெல்லாம் கண்ணாடியில்கூடத் தரம் கிடையாது.

ஜூன் 16, திங்கள்

எமல்டாவின் தபால்தலை வந்தது. சங்குச் சின்னம் போட்ட திருவிதாங்கூர்த் தலை, ஓரத்துப் பல் எளிதில் கிடைக்காத அளவு. எங்கள் குழுவிலிருக்கும் திருச்சூர் மேனன் வாங்கச் சம்மதித்து, "தாணு சார் பார்த்துச் சொல்லட்டும்" என்று நிபந்தனை வைத்திருக்கிறார். அவளே கூரியரில் எனக்கு அனுப்பிவிட்டாள்.

காலையில் என்னுடைய எட்டுத் தலைகளைப் பார்த்து ஏற்றி முடித்தேன். லென்ஸ் மறுபடியும் தகராறு. நாலு தடவை துடைத்துத் துடைத்து வேலை பார்த்தேன். பிறகு அவளுடையதை எடுத்தேன்.

எப்போதும்போல லென்ஸை வலக்கண்ணில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்துப் பல் வரிசை நேராக இல்லை. நடுவில் உள்வாங்கி வெளியே வருகிறது. பல் அளக்கும் தகட்டில் வைத்தாலும் ஓட்டைகள் புள்ளிகளோடு பொருந்தவில்லை.

அச்சுத் தாளின் ஓரத்தில் இருந்த தலைக்கு ஒரு பக்கம் பல் இருக்காது. அதற்கு மதிப்புக் குறைவு. அதனால் சிலர் அந்தப் பக்கத்தில் தாங்களாகவே ஓட்டை போட்டுப் பல் உண்டாக்கிவிடுவார்கள். ரீபெர்ஃப் என்போம். மோசடிதான், வேறு பெயர் கிடையாது.

இப்படிச் செய்வாள் என்று நினைக்கவில்லை. ஆனால் அவ்வளவும் விற்றுப்போகிறதே என்று எனக்கு ஒரு யோசனை இருந்துகொண்டே இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

எமல்டாவுக்கு நானே போன் செய்தேன். முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை.

"சார், அது எனக்கு ஒரு பழைய ஆல்பத்தோட கிடைச்சது. நான் தொடவே இல்ல" என்றாள்.

"நீ செய்தேன்னு நான் சொல்லேல்ல. யாரோ செய்திருக்காங்க. நீ பாக்காம விக்கப் போட்டிருக்கே."

"பாத்தேன் சார். நாலு பக்கமும் அளந்தேன். ஒரே அளவுதான். ஸ்கேன் வேணும்னா பெருசாக்கிப் பாருங்க."

"ஸ்கேன்ல இதெல்லாம் தெரியாது. கையில வச்சுப் பாக்கணும்."

"அப்ப இன்னொரு மட்டம் கையில வச்சுப் பாருங்க சார். ஒரே ஒரு மட்டம். நீங்க சொன்னா அதுக்கு மேல எனக்குப் போக எடமில்ல."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பார்த்தேன். அதேபோலத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

குழுவில் எழுதினேன். கோபமில்லாமல், இரண்டே வரி: 'எமல்டா பாய் விற்பனைக்கு வைத்த திருவிதாங்கூர்த் தலையின் இடது பக்கம் ரீபெர்ஃப். வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.'

மேனன் பின்வாங்கிக்கொண்டார். மதுரைக்காரர் ஒருவர் ஸ்கேனில் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். உடனே நாலு பேர் பதில் போட்டார்கள். "தாணு சார் பாத்தாச்சு."

சாயங்காலத்துக்குள் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலையை அவளுக்கே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன்.

பகவதி கேட்டாள், "அந்தப் பிள்ளைக்கு இனி யாரு என்ன வாங்குவா?" அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 28, சனி

விற்பனைத் தளமும் எமல்டாவின் கணக்கை மூடிவிட்டது. குழுவில் இருந்தவர்கள் புகார் மேல் புகார் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தோஷமில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று என்னுடைய திருவிதாங்கூர்த் தலைகள் ஐந்து போயின.

ஜூலை 3, வியாழன்

செல்லத்துரை நூலும் மட்டப்பலகையுமாக வந்தான். பகவதியைப் பக்கத்தில் நிறுத்தி டைல்ஸ் வரி ஒவ்வொன்றிலும் நூலை வைத்துக் காட்டினான். "நேராத்தானே இருக்கு அம்மா?" என்றான். அவள் ஆமாம் என்றாள். நூலும் எனக்கு நெளிந்துதான் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

அவன் போனபின் கண்ணில் தூசி விழுந்து இடக்கண்ணை மூடிக்கொண்டேன். எதிரே ஜன்னல் கம்பிகள் வளைந்திருந்தன. நடுவில் ஒரு சாம்பல் கறை. இடக்கண்ணைத் திறந்து வலக்கண்ணை மூடினேன். கம்பிகள் நேராக நின்றன.

மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும்.

ஜூலை 4, வெள்ளி

தூசிதான். ரோஸ் வாட்டர் விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பகவதி பிடித்த பிடியாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டினாள். வலக்கண்ணால் பார்க்கும்போது கட்டங்கள் நடுவில் குழியாக உள்ளே போயின. ஸ்கேன் எடுத்தார்கள்.

"விழித்திரைக்கு நடுவுல நீர் கோத்திருக்கு சார். நேரான கோடு வளைஞ்சு தெரியும். சின்னச் சின்னது மறைஞ்சே போகும். கண்ணுக்குள்ள ஊசி போடணும், மாசம் ஒண்ணு. இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வாரமா."

"இல்ல டாக்டர்" என்றாள் பகவதி. "பங்குனியில இருந்தே. சாமி கும்பிடப் போன எடத்துல கொடிமரம் சரிஞ்சு நிக்குன்னு இவங்க சொன்னாங்க. நான் கிண்டல் பண்ணினேன்."

பங்குனிக்குப் பிறகு சித்திரை, வைகாசி. எமல்டாவின் தலை வந்தது ஆனி.

பஸ்ஸில் பகவதி என் கையைப் பிடித்திருந்தாள். ஊசியை நினைத்துப் பயப்படுகிறேன் என்று எண்ணியிருப்பாள்.

ஜூலை 10, வியாழன்

முதல் ஊசி போட்டாயிற்று. இடக்கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்க்கப் பழகுகிறேன். என்னிடமிருக்கும் தலைகளின் பல் வரிசை எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. மூன்றில் நான் எழுதாத குறை இருந்தது. இன்னும் எத்தனை ஊர் ஊராகப் போயிருக்கிறதோ!

ஜூலை 14, திங்கள்

இன்று முழுவதும் ஒரே கணக்கு. என் கண் கெட்டிருக்கிறது, சரி. அதனால் அந்தத் தலை நல்லது என்று ஆகிவிடுமா? கண்ணும் கெட்டு, தலையும் ரீபெர்ஃபாக இருக்கலாமே! இடக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ரீபெர்ஃபாக இருந்தால் நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கடவுளே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தி மோசடிக்காரியாக இருக்க வேண்டும் என்று சாமி படத்துக்கு முன் நின்று வேண்டிக்கொண்டேன்.

எமல்டாவுக்குப் போன் செய்தேன். "அது என்கிட்ட இல்ல சார். சென்னை வியாபாரி ஒருத்தர் ரீபெர்ஃப் வெலைக்கு எடுத்துக்கிட்டாரு" என்றாள். ஏன் கேட்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

ஜூலை 19, சனி

மேனன் ஒரு ஏல அறிவிப்பை அனுப்பியிருந்தார். அதே சங்கு, அதே முத்திரை. கூடவே நிபுணர் குழுவின் சான்றிதழ்: நாலு பக்கமும் அசல், எந்தத் திருத்தமும் இல்லை.

கீழே மேனன் ஒரு வரி எழுதியிருந்தார். "இது அதுதானே தாணு சார்?"

போனை அணைத்துவிட்டேன். பகவதி ரசமும் அப்பளமும் வைத்தாள். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

குழுவில் போட எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

என் கண் கெட்டது என்று சொன்னால் பங்குனியிலிருந்து நான் சொன்ன எல்லாமே ஆட்டம் காணும். நல்லது என்று நான் சொன்னதை நம்பி வாங்கியவர்கள், போலி என்றதால் தூக்கிப் போட்டவர்கள். பிறகு என்னிடம் யார் என்ன கேட்பார்கள்? வங்கியில் இருந்தபோது என்னை யாருக்கும் தெரியாது. இந்த ஒன்றில்தான் என் பேச்சுக்கு ஒரு இடம் இருந்தது. அதுவும் போனால் நான் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன்.

ஜூலை 23, புதன்

எழுதவில்லை.

ஜூலை 26, சனி

பகவதியிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "குழுவில எழுதுகதுக்கு முன்னால அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லணும், நானும் வாரேன்" என்றாள். தக்கலைக்குப் போனோம்.

எமல்டா இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் எழுந்து, "வாங்க சார், வாங்கம்மா" என்று வெளியே கூட்டி வந்தாள். கடைக்குப் பக்கத்தில், பெட்டிகள் அடுக்கிய ஒரு இடைவெளியில் நின்றோம். பகவதிக்கு மட்டும் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டாள்.

சொன்னேன். கண், டாக்டர், ஊசி, ஏல அறிவிப்பு, சான்றிதழ். சான்றிதழ் பற்றி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சென்னை வியாபாரியே போன் செய்து சிரித்தானாம்.

முழுவதையும் கேட்டாள். பிறகு கேட்டாள், "வலக்கண்ணா சார்?"

"ஆமா."

"அன்னைக்கு எனக்க ஸ்டாம்பு பாத்தப்ப, ஒங்களுக்க ஸ்டாம்பும் பாத்தியளா?"

"பாத்தேன். காலையில எட்டு ஏத்தினேன்."

"அதே லென்ஸ், அதே கண்ணு."

"ஆமா."

"அப்ப அதுலயும் பல்லு வளைஞ்சுதானே தெரிஞ்சிருக்கும்?"

அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதா இல்லியா சார்?"

"தெரிஞ்சுது."

"அதை ஏன் ரீபெர்ஃப்னு எழுதேல்ல?"

"லென்ஸ் சரியில்லன்னு நெனச்சேன்."

"ஒங்களுக்க ஸ்டாம்புன்னா லென்ஸ் சரியில்ல." அவள் குரல் உயரவில்லை. "எனக்க ஸ்டாம்புன்னா நான் சரியில்ல. அப்படித்தானே?"

பகவதி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "மக்கா, வயசானவரு, தெரியாம..."

"அம்மா, கண்ணு போனதுக்கு எனக்கும் வெசனம் உண்டு. பொய்யில்ல. எங்க அப்பாவுக்கும் சுகருல கண்ணு போச்சு. ஆனா நான் ஒரு மட்டம் பாருங்க, ஒரே ஒரு மட்டம் பாருங்கன்னு கெஞ்சினேன். நான் ஒங்கள நம்பித்தான் சார் அனுப்பினேன். வேற யாருன்னாலும் அனுப்பியிருக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எங்களைப் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினோம்.

ஜூலை 29, செவ்வாய்

எழுதிவிட்டேன். முதலில் எழுதியதில் கண் நோய் மட்டும்தான் இருந்தது. படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும்படி இருந்தது. பகவதியைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை கேட்டது இதுல இல்லியே" என்றாள்.

கடைசியில் போட்டது இது:

'எமல்டா பாய் விற்ற திருவிதாங்கூர்த் தலை அசல். நான் ரீபெர்ஃப் என்று சொன்னது தவறு. பங்குனி முதல் என் வலக்கண்ணில் கோடுகள் வளைந்து தெரிகின்றன. என் சொந்தத் தலைகளிலும் அன்று அப்படித்தான் தெரிந்தது. அவற்றை நான் சந்தேகப்படவில்லை, அவருடையதை மட்டும் சந்தேகப்பட்டேன். அவருடைய விற்பனை எனக்கு உறுத்தலாக இருந்தது. பங்குனிக்குப் பிறகு நான் சொன்ன எதையும் நம்ப வேண்டாம். என்னிடம் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பலாம்.'

அனுப்பியபின் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

'பெரிய மனசு சார்' என்று சிலர். 'முதலிலேயே டாக்டரிடம் போயிருக்கலாமே' என்று சிலர். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், என் பேச்சைக் கேட்டுத் தன் அப்பாவின் தலைகளைப் போலி என்று எண்ணி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒட்டி விளையாடக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேனன் குழுவை விட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

கூரியர்காரர் தினமும் வருகிறார். திரும்பி வரும் உறைகளை பகவதி பிரிக்கிறாள், நான் இடக்கண்ணால் பார்க்கிறேன். சிலவற்றில் அவர்கள் சொன்ன குறை உண்மையாகவே இருக்கிறது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, பயத்தில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான், மன்னிக்கவும்.

விற்பனைத் தளத்துக்கு எமல்டாவின் கணக்கைத் திறக்கச் சொல்லி மறுபடி எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மறுபடி அதே பதில் வந்தது. குழு நிர்வாகி மட்டும் அவரைத் திரும்பச் சேர்த்திருக்கிறார். எமல்டா அங்கே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டாவது ஊசி. கறை கொஞ்சம் சிறுத்திருக்கிறது என்றாள் டாக்டர். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இடக்கண்ணுக்கும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் யாருக்காவது மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றேன். "கொடுக்கணும்னா கொடுங்க" என்றாள் பகவதி. "அதுக்கு முன்னால என்ன இருக்குன்னு சரியா எழுதிக் கொடுங்க. குருட்டாம்போக்குல கொடுக்காதீங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு தலையைக் குழுவில் விற்பனைக்குப் போட்டேன். கொச்சி சமஸ்தானத் தலை, சாதாரணமானது. இடக்கண்ணால் பார்த்து, பகவதியையும் பார்க்கச் சொல்லி, விவரம் எழுத ஒரு முழுக் காலை ஆயிற்று. ஸ்கேனைப் பெரிதாகவே போட்டேன்.

மதியம் அதன் கீழே ஒரு பதில் வந்தது. எமல்டா பாய். 'இடது கீழ் மூலையில் மடிப்பு இருக்கிறது. விற்பவர் குறிப்பிடவில்லை.'

வேறு ஒரு சொல் இல்லை. முந்நூறு பேர் பார்க்க.

"பழி வாங்குகா" என்றாள் பகவதி. தலையை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கொடுத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. "இருக்குங்க" என்றாள் மெதுவாக. "முடி கனத்துல."

பழி வாங்கினாரோ என்னவோ. மடிப்பு இருக்கிறது. விவரத்தைத் திருத்தி, இடது கீழ் மூலையில் மடிப்பு என்று முதல் வரியில் சேர்த்தேன். அதன் பக்கத்தில், சுட்டிக்காட்டியவர் எமல்டா பாய், அவருக்கு நன்றி என்றும் எழுதினேன். அதை எழுதும்போது மனசு லேசானது. பல நாளுக்குப் பிறகு பசித்தது. இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் எமல்டாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது.

'என் பெயரை எடுத்துவிடுங்கள் சார்.'

நேற்று அதை எழுதி லேசானது என் மனசுதான், அவருடையது இல்லை. பெயரை எடுத்துவிட்டேன். நன்றியையும் எடுத்துவிட்டேன். மடிப்பு மட்டும் விவரத்தில் இருக்கிறது.